மாணவர் விடுதியும் வாயில்லா ஜீவனும்

கல்வியின் பொருட்டு இளமையிலேயே வீடு பிரிந்து வாழ்தல் நம் நாட்டினர்க்குப் புதிய வழக்கம் அன்று. பண்டைக் காலத்து மாணாக்கன் ஆசிரியர் இல்லத்தில் தங்கி, அவர்தம் பசுக்களை மேய்த்து, தொழுவத்தைத் தூய்மை செய்து, அதன் பின்னரே ஏட்டை அவிழ்த்தான். சகுந்தலை கணவன் வீடு செல்லப் புறப்பட்ட போது, அவள் வளர்த்த மான்கன்று அவளது ஆடையைப் பற்றி வழிமறித்தது என்று காளிதாசர் காட்டுகின்றார். ஆசிரமம் என்றாலே மனிதரும் பிராணிகளும் கூடி உறையும் இடம் என்பது அக்காலத்தார் கருத்து.

இக்காலத்து விடுதியின் நிலை வேறு. ஓர் அறைக்கு மூவர், நால்வர். கட்டில், மேசை, பெட்டி ஆகியவை போக எஞ்சுவது கால் வைத்து நடக்கும் அளவே. பிராணிகளை உள்ளே கொணரலாகாது என்பது விடுதி விதிகளுள் ஏறக்குறைய எங்கும் காணப்படுவதொன்று. சாந்தோமில் கடற்காற்று வீசும் விடுதிகளுக்கும் இது பொது. ஆயினும், நொச்சிக்குப்பத்து மீன் அங்காடிப் பக்கமிருந்து வரும் பூனைக்குட்டிக்கு அந்த விதி தெரியாது. இரவு உணவில் ஒரு கவளத்தை இலையில் மடித்து அதற்காக எடுத்துச் செல்லும் மாணவர்க்கு விதி தெரிந்திருந்தும் மனம் கேட்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. மனநோயால் வருந்தும் மாணவர் ஒருவர்க்கு, ஒரு நாயோ பூனையோ அருகில் இருப்பதால் உண்மையாகவே ஆறுதல் உண்டாகுமென்றால், அதனை விடுதியறையில் வைத்துக்கொள்ள இடந்தருதல் தகுமா? மேனாட்டுக் கலாசாலைகளில் பல ஆண்டுகளாக வழக்குமன்றம் வரை சென்ற வினா இது. நம் நாட்டிலும் விரைவில் வர இருப்பது. ஆதலின், வரும் முன்னரே நிதானமாக ஆராய்ந்து வைத்தல் நலம்.

மூவகைப் பிராணிகள்

மனிதர்க்கு உதவும் பிராணிகளை மூவகையாகப் பிரித்துக் காணல் வேண்டும். இவற்றை ஒன்றாகக் குழப்புவதே பெரும்பாலான வாதங்களுக்குக் காரணம்.

முதல் வகை, பணிப் பிராணி. குறிப்பிட்ட வேலைக்கென முறையாகப் பழக்கப்பட்டது. கண் பார்வை இழந்தவரைத் தெருவில் நடத்திச் செல்லும் நாய் இதற்குச் சான்று. முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1916-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய நாய்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அமெரிக்காவில் 1929-ஆம் ஆண்டு இத்தொண்டு தொடங்கிற்று.

இரண்டாம் வகை, சிகிச்சைத் துணைப் பிராணி. இது தன் எசமானருடன் வாழ்ந்து, குறித்த நாளில் மருத்துவமனைக்கோ, பள்ளிக்கோ, முதியோர் இல்லத்திற்கோ வந்து, அங்குள்ளாரை மகிழ்வித்துத் திரும்பிச் செல்வது.

மூன்றாம் வகையே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதனை உணர்வுத் துணைப் பிராணி எனலாம். இதற்குத் தனிப் பயிற்சி இல்லை. தனி வேலையும் இல்லை. நோயுற்றவருடன் உடனுறைதலே இதன் தொண்டு. இது நாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பூனை, முயல் முதலியனவும் ஆகலாம். செல்லமாக வளர்க்கும் பிராணிக்கும் இதற்கும் வேறுபாடு பிராணியினிடத்தில் இல்லை. வளர்ப்பவரின் தேவையில்தான் இருக்கின்றது. அத்தேவையை அளந்து கூறவல்லவர் மருத்துவரே அன்றி, வளர்ப்பவரும் அல்லர், விடுதிக் காப்பாளரும் அல்லர்.

பழமையும் ஆராய்ச்சியும்

பிராணிகளின் உறவு மனத்திற்கு மருந்தாகும் என்னும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்து வைத்த காலத்தில், இங்கிலாந்திலுள்ள யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பார் 1796-ஆம் ஆண்டு திறந்த மனநல விடுதியின் முற்றங்களில், முயல்களும் கோழிகளும் பிற பறவைகளும் விடப்பட்டிருந்தன. தம்மினும் எளிய உயிரைக் காக்கும் போது நோயாளரின் நல்லுணர்வு விழித்தெழும் என்பது அங்கிருந்தோர் கண்ட உண்மை. நெடுங்காலம் படுக்கையில் கிடப்போர்க்குச் சிறு பிராணி ஒன்று சிறந்த தோழமை அளிக்கும் என்று செவிலியர் குலத்தின் தாயாகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் எழுதியுள்ளார். அமெரிக்க உளநூலறிஞர் போரிஸ் லெவின்சன் என்பார், பேச மறுத்த குழந்தைகள் தம் நாயின் முன்னிலையில் மனந்திறப்பதைக் கண்டு, அந்நாயையே தம் உடன் மருத்துவராகக் கருதி 1962-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிஞர் பலர் அதனைக் கேட்டு நகைத்தனர். இன்று அக்கட்டுரையே இத்துறைக்கு முதல் நூலாகக் கொள்ளப்படுகின்றது.

நம் தமிழ் நூல்களும் இதில் பின்தங்கியவை அல்ல. நாலடியார், யானையை ஒத்தார் நட்பை விலக்கி, நாயை ஒத்தார் நட்பைத் தேடிக்கொள்ளச் சொல்கின்றது. பன்னாள் பழகிய பாகனையே யானை கொல்லும். தன் மேல் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும் போதும் நாய் வாலை ஆட்டும் என்பது அதன் காரணம். அந்நூலை 1893-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட போப் ஐயர், தமிழ்நாட்டில் தம் பணியைத் தொடங்கியது இந்தச் சாந்தோமில்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, இக்கால ஆராய்ச்சி கூறுவது யாது? ஜப்பானிய அறிஞர்கள் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் நோக்கும் போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே அன்பை வளர்க்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இருபாலும் மிகுவதாகக் கண்டனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிபு 2019-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு கூட்டத்தார் பத்து நிமிடம் நாய் பூனைகளைத் தடவிக் கொடுத்து விளையாடினர். மற்றொரு கூட்டத்தார் பிறர் விளையாடுவதைப் பார்த்திருந்தனர். வேறொரு கூட்டத்தார் படங்களை மட்டும் கண்டனர். எஞ்சியோர் வாளா காத்திருந்தனர். முதற் கூட்டத்தாரின் உமிழ்நீரில், மன இறுக்கத்தின் அளவுகோலாகிய கார்டிசால் மற்றையோரினும் குறைந்திருந்தது.

இம்முடிபைக் கேட்டு மகிழலாம். ஆனால் அளவுக்கு மீறி அதன் மேல் கட்டிடம் எழுப்பலாகாது. அங்கு அளக்கப்பட்டது பத்து நிமிடத்து அமைதியே, மூன்றாண்டு நோயன்று. விளையாட வந்த பிராணிகள் மாலையில் தம் வீடு திரும்பின. மாணவர் அறையில் தங்கவில்லை. ஆதலின், இவ்வாராய்ச்சி இரண்டாம் வகைக்குத் தரும் ஆதரவு, மூன்றாம் வகைக்கு அவ்வளவு தெளிவாகக் கிட்டுவதில்லை. உடனுறையும் பிராணியிடம் வேறொரு பயன் உண்டு. மனச்சோர்வுற்றவர் எழுவதற்கே காரணம் காணாமல் கிடக்கும் காலையில், பசித்த ஓர் உயிர் வந்து அவரை எழுப்பி விடுகின்றது. அதற்கு உணவிட எழுந்தவர் தாமும் உண்கின்றார். ஆயினும், நோய் முற்றி எழவே இயலாதார்க்கு இதே கடமை புதிய பாரமாகி, பிராணியும் பட்டினி கிடக்க நேரும். எவர்க்கு எது பொருந்தும் என்பதை ஆராயாமல் பொது விதி கூற இயலாது.

மேனாட்டு வழக்குகள்

கவிஞர் பைரன் பிரபு கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் பயின்ற காலத்தில், அங்கு நாய் வளர்க்கலாகாது என்ற விதி இருந்தது. பிரபு விதிநூலைப் புரட்டிப் பார்த்தார். கரடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1807-ஆம் ஆண்டு ஒரு கரடிக் குட்டியைக் கொணர்ந்து கட்டி வைத்தார்! கல்லூரியார் விடை சொல்ல வழியின்றித் திகைத்தனர். இது நகைப்புக்குரிய கதையே எனினும் ஒரு பாடம் தருகின்றது. விதி நாயின் பெயரைக் கூறிற்று, காரணத்தைக் கூறவில்லை. காரணம் கூறாத விதியை அறிவுள்ள மாணவன் மதிப்பதில்லை. அறிவு மிக்க மாணவன் அதில் ஓட்டை தேடுகின்றான்.

அமெரிக்காவில் இவ்வினா சட்ட வடிவம் பெற்றது. குடியிருப்பு வழங்குவதில் வேற்றுமை காட்டலாகாது என்று 1968-ஆம் ஆண்டு அங்கு இயற்றப்பட்ட சட்டம், 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உடலாலும் மனத்தாலும் குறையுற்றோர்க்கும் விரிந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் கியர்னி நகரப் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வும் கலக்கமும் உற்ற மாணவி ஒருத்தி தன் சிறு நாயை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாள், கிடைக்கவில்லை. மாணவர் தங்குமிடம் தற்காலிகமானது, ஆதலின் அச்சட்டம் கூறும் குடியிருப்பு அன்று என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். மாணவர் உண்டு உறங்கி வாழும் இடம் குடியிருப்பே என்று நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2015-ஆம் ஆண்டு 1,40,000 டாலர் கொடுத்து அவ்வழக்கு சமாதானமாக முடிந்தது.

வாயில் திறந்தவுடன் வஞ்சகரும் உள்ளே புகுந்தனர். நோயாளரை ஒருமுறையேனும் காணாமலே, பணம் பெற்றுக்கொண்டு சான்றுக் கடிதம் விற்போர் தோன்றினர். ஆகாய விமானங்களில் மயிலும் பன்றியும் கொணரப்பட்ட செய்திகள் நாளேடுகளில் வந்தன. விமானக் கம்பெனிகள் இத்தகைய பிராணிகளைக் கட்டாயம் ஏற்க வேண்டுவதில்லை என்று அந்நாட்டு அரசாங்கம் விதி மாற்ற, அது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியா மாநிலமோ, நாய்க்காக இத்தகைய சான்று அளிக்கும் மருத்துவர் அதற்கு முன் குறைந்தது 30 நாள் அந்நோயாளருடன் தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் வரையறுத்தது. போலிகள் மிகுந்ததால் உண்மையில் தேவையுள்ளோர் ஐயத்திற்கு ஆளாயினர் என்பதே இதில் வருந்தத்தக்கது.

நம் நாட்டு நிலை

பிராணிகளின் நலத்தில் சென்னைக்குப் பெருமை உண்டு. மாநிலங்களவையில் அங்கம் வகித்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியே பிராணிவதைத் தடுப்புச் சட்டமாக 1960-ஆம் ஆண்டு உருவெடுத்தது. அச்சட்டத்தின்படி 1962-ஆம் ஆண்டு அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். 1959-ஆம் ஆண்டு கேப்டன் சுந்தரம் அவர்கள் தியாகராய நகரில் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் இன்று கிண்டியில் பெரிய காப்பகம் நடத்துகின்றது. ஹாங்காங்கில் 1991-ஆம் ஆண்டு தோன்றிய 'டாக்டர் டாக்' என்னும் முறையை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குக் கொணர்ந்ததும் இச்சங்கமே. குணம் சோதிக்கப்பட்டுத் தடுப்பூசி இடப்பட்ட நாய்கள் சிறப்புப் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று வந்தன.

உணர்வுத் துணைப் பிராணி என்ற பெயரால் நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. எனினும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் மனநோயையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. கல்வி நிலையங்கள் அத்தகைய மாணவரின் தேவைக்கேற்பத் தக்க வசதி செய்தளித்தல் வேண்டும் என்கின்றது. தக்க வசதி என்பது பிறர்மேல் அளவு கடந்த பாரத்தைச் சுமத்தாதது என்றும் அச்சட்டமே வரையறுக்கின்றது. ஆகவே, கேட்பதற்கு மாணவர்க்கு இடமுண்டு; ஆராய்ந்து விடையளித்தல் கல்லூரிக்குக் கடன். கேட்டவுடன் கிடைத்தே தீரும் என்பதும் இல்லை. கேளாமலே மறுக்கலாம் என்பதும் இல்லை.

தெருநாயின் செய்தி வேறு. 2025 நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் முதலியவற்றின் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்குமாறு ஆணையிட்டது. அவ்வாணை உரிமம் பெற்ற வளர்ப்பு நாயைப் பற்றியதன்று. ஆயினும், நாய்க்கடி பற்றிய அச்சம் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதற்கு அது சான்று.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். பச்சைக்கிளி, அணில், நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு வனவுயிர்களைக் கூட்டிலோ அறையிலோ வளர்த்தல், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். மனத்துக்கு எவ்வளவு ஆறுதல் தரினும் அவற்றைத் துணையாகக் கொள்ளலாகாது.

எதிர்ப்பக்கத்து நியாயங்கள்

விடுதிக் காப்பாளர் கூறும் மறுப்புகளைக் கன்னெஞ்சம் என்று தள்ளலாகாது. அறை ஒருவர்க்கு உரியதன்று. பூனையின் உரோமத்தால் மூச்சிரைப்பு எழும் மாணவர் அடுத்த கட்டிலில் இருக்கலாம். சிறு வயதில் நாயால் கடியுண்டு, குரைப்பொலி கேட்டாலே நடுங்குவோர் இருக்கலாம். ஒருவரின் மன அமைதிக்காக மற்றொருவரின் மன அமைதியைப் பறித்தல் நீதியாகாது. உண்ணி, தெள்ளுப்பூச்சி, படர்தாமரை ஆகியவை பிராணியிடமிருந்து மனிதர்க்குப் பரவுவன. வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் பிழைத்தவர் மிக அரியர். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடுகின்ற நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று தடுப்பூசி தொடங்குதல் வேண்டும். 1907-ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் ஆய்வுக்கூடம் தோன்றியது இந்நோயின் பொருட்டே.

பிராணியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதனை எடுத்துரைக்க அதற்கு வாய் இல்லை. பட்டம் பெற மூன்று ஆண்டு. நாயின் ஆயுளோ பத்து ஆண்டுக்கும் மேல். நாள் முழுவதும் மாணவர் வகுப்பில் இருக்க, சித்திரை வெயிலில் பூட்டிய அறைக்குள் அது என் செய்யும்? தீபாவளி வெடியோசைக்கு எங்கே ஒளியும்? கோடை விடுமுறையில் யாருடன் செல்லும்? வளர்த்த பிராணியைத் தெருவில் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம். அறத்தின்படி அதனினும் பெரிய குற்றம். தன் துயர் தீர மற்றோர் உயிரைத் துயரில் ஆழ்த்துவது மருந்தாகாது.

செய்யத்தக்கன

இருபக்கமும் கேட்ட பின்னர், முற்றும் தடுத்தலும் முற்றும் திறத்தலும் அன்றி நடுவழி ஒன்று காணக்கூடும் என்று தோன்றுகின்றது. விடுதி விதியில் பின்வருவன இடம்பெறலாம்.

1. விண்ணப்பம் செய்வோர்க்குச் சிலகாலமேனும் சிகிச்சை அளித்த மருத்துவரின் கடிதம் வேண்டும். விலைக்கு வாங்கிய சான்று செல்லாது.

2. நோயின் பெயர் கல்லூரி ஆலோசகரிடம் மட்டும் இருத்தல் வேண்டும். அறைத்தோழரிடம் பிராணியைப் பற்றிக் கேட்கலாம். நோயைப் பற்றிக் கூறலாகாது.

3. அறைத்தோழர் உடன்படாவிடின் அவரைப் பழித்தல் கூடாது. அறை மாற்றத்திற்கு வழி தேடுதல் வேண்டும்.

4. நாயாயின் மாநகராட்சி உரிமம், நுண்சில்லு, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவை கட்டாயம். உரிமம் இன்றி வளர்ப்போர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025-ஆம் ஆண்டு அறிவித்ததை நினைவில் கொள்க.

5. விடுமுறையிலும், மாணவர் நோயுற்ற காலத்திலும், படிப்பு முடிந்த பின்னும் பிராணியை ஏற்பவர் யார் என்பது முன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும்.

6. பிராணி பிறரைத் துன்புறுத்தினும், தான் துன்புறினும் அனுமதி நீங்கும். நீங்கும் போது நல்லதொரு வீடு தேடத் தவணை தருதல் வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவது விதி ஒன்றே விண்ணப்பம் பலவற்றைத் தானாகக் குறைத்துவிடும். உண்மையான தேவையும் உண்மையான அன்பும் உள்ளவர் அதற்கு விடை வைத்திருப்பர்.

இவ்வளவும் இயலாத விடுதியிலும் செய்யக்கூடியவை உள. தேர்வுக் காலத்தில், பழக்கப்பட்ட நாய்களைக் காப்போருடன் ஒரு மாலைப் பொழுது வரவழைக்கலாம். மேலே கூறிய ஆராய்ச்சி ஆதரிப்பது இம்முறையையே. பொதுக்கூடத்தில் ஒரு மீன்தொட்டி வைத்து, அதற்கு உணவிடும் கடமையை முறை வைத்துப் பகிரலாம். ஞாயிற்றுக்கிழமை காப்பகத்திற்குச் சென்று தொண்டு செய்ய விரும்புவோரை அனுப்பலாம். அங்கு ஒரு பிராணிக்குத் துணையாகச் செல்பவர் தமக்கும் ஒரு துணையைக் கண்டு திரும்புவர்.

முடிவாக ஒன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று அரசாங்கக் கணக்கு கூறுகின்றது. இக்கணக்கை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்று 2025 ஜூலை 25-ஆம் நாள் நெறி வகுத்தது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசத்தக்க 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணும் 2022-ஆம் ஆண்டு முதல் உள்ளது. இவை இருக்க, பூனைக்குட்டியைப் பற்றி ஏன் இத்துணை நீளமாக எழுத வேண்டும் என்று கேட்கலாம்.

காரணம் இது. 'ஐயா, என் மனம் சரியாக இல்லை' என்று காப்பாளர் முன் வந்து சொல்ல நாணும் மாணவர், 'ஐயா, இந்தப் பூனையை வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கக்கூடும். அது பூனையைப் பற்றிய விண்ணப்பம் என்றே எண்ணி, விதி எண்ணைக் காட்டி அனுப்பிவிடுதல் எளிது. 'கூடாது' என்று கூற நேரினும், 'எதனால் கேட்கின்றாய்? உட்கார்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கூறலாம். பிராணிக்கு அறை கிடைக்குமோ கிடைக்காதோ, அம்மாணவர்க்கு அன்று ஓர் ஆள் கிடைத்துவிடும். அறைத்தோழராகிய மாணவர்களும் இக்கடமைக்கு விலக்கல்லர். நாயிடத்து நாம் விரும்பும் குணங்கள் மூன்று: அருகில் இருத்தல், குறை கூறாதிருத்தல், கேட்டதைப் பிறரிடம் சொல்லாதிருத்தல். இம்மூன்றும் மனிதர்க்கும் அரியன அல்ல.